கேட்காத பாட்டு: புதுச்சேரியின் ஒரு ரெக்கார்டிங் சென்டர், இரண்டு ஆர்டர் நோட்டுகள்

என்னிடம் இரண்டு நீள நோட்டுகள் இருக்கின்றன. மளிகைக் கடையில் பற்று எழுதும் அதே நீள நோட்டுதான். ஒன்றில் அட்டை இல்லை. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பரண் மேலிருந்த ஓடுகள் பறந்து, நோட்டு வைத்திருந்த பெட்டிக்குள் மழை இறங்கியது. மைப்பேனாவில் எழுதிய பக்கங்கள் நீலக் கறையாகிவிட்டன. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவை தப்பின. அந்தப் பக்கங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

காந்தி வீதியிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து தரும் அந்தக் கடை இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் திறந்தார்கள், செல்போன் எல்லார் கைக்கும் வருவதற்குச் சற்று முன்பு மூடினார்கள். பலகையில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. ஆனால் யாரும் அதைச் சொன்னதில்லை, ‘அண்ணன் கடை’ என்றால் தெரியும். பள்ளி விடுமுறைகளில் நான் அங்கே உட்கார்ந்து கேசட்டின் உள்ளட்டையில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் இறந்த பிறகு அவர் வீட்டில், “நீ வேணா வச்சுக்கோ” என்று நோட்டுகளைக் கொடுத்தார்கள்.

ஊரில் பழைய நினைவு பேசுபவர்கள் தியேட்டரைப் பேசுவார்கள், ஆலையைப் பேசுவார்கள். அவற்றுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. ராஜா தியேட்டர் சிக்னல், அஜந்தா சிக்னல் என்று சொல்லித்தான் இன்றும் ஆட்டோ ஏறுகிறோம். 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) துணி ஆலையை 2020 ஏப்ரல் 30உடன் மூடினார்கள் என்பது அரசாங்க ஆவணத்தில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடைக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் இந்த ஒரு கடையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எப்படி ஓடியது, எதனால் நின்றது என்று பார்க்க நினைத்தேன். டிவி வந்தது, செல்போன் வந்தது, கடை போயிற்று என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். நோட்டு அப்படிச் சொல்லவில்லை.

ஒரு பக்கம் முப்பது நிமிடம்

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இளையவர்கள் பலர் இப்படி ஒரு கடையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் ஒரு காலிக் கேசட் வாங்குவீர்கள், அல்லது வீட்டிலிருந்து பழையதைக் கொண்டுவருவீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுப்பீர்கள். கடையில் சுவர் முழுக்க இசைத்தட்டுகள். ஹெச்.எம்.வி., இன்ரிகோ, அப்புறம் இளையராஜா பாட்டுகளுக்கென்றே தேடப்பட்ட எக்கோ. ஒவ்வொரு உறையின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதியிருக்கும். அண்ணன் தட்டை எடுத்து, துணியால் துடைத்து, ஊசியை வைத்து, உங்கள் கேசட்டில் ஏற்றுவார். மூன்று நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பதிவுக் கூலி தனி, கேசட் விலை தனி.

மூன்று நாள் ஏன் என்றால், அறுபது நிமிடக் கேசட்டை நிரப்ப அறுபது நிமிடம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. கடையில் இருந்தவை இரண்டு டெக், அதாவது கேசட்டில் பதியும் கருவி. காலை பத்து மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடினால், கரண்ட் போகாமல், ஊசி தாவாமல், நடுவில் யாரும் வந்து பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் இருபது கேசட். அந்த அளவுக்குமேல் அந்தக் கடை வளர வழியே இல்லை. தீபாவளிக்கு முன்னும், கார்த்திகையில் மாலை போடும் சமயத்திலும் ஆர்டர் குவியும்போது அண்ணன் கடையிலேயே படுத்துக்கொள்வார். முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கேசட்டைத் திருப்பிப் போட வேண்டுமே.

அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது. பாட்டு ஒன்று நாலரை நிமிடம் என்றால் ஆறு பாட்டுக்கு இருபத்தேழு. மிச்சம் மூன்று நிமிடம். ஏழாவது பாட்டையும் போட்டால் கடைசிச் சரணத்தில் நாடா தீர்ந்துவிடும். பாட்டு பாதியில் அறுவதை அண்ணன் பொறுத்துக்கொள்ளவே மாட்டார். காலியாக விடவும் அவருக்கு மனம் வராது. “காசு குடுத்துருக்கான், நாடா சும்மா ஓடக் கூடாது” என்பார்.

அதற்கு அவர் கண்ட வழிதான் இந்த நோட்டில் நான் கண்டுபிடித்த முக்கியமான விஷயம். பழைய காலத்து 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றேகால் நிமிடம்தான் கொள்ளும். அதனால் அந்தக் காலப் பாட்டுகள் பெரும்பாலும் அந்த அளவுக்குள் முடிந்துவிடும். எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, டி.ஆர். மகாலிங்கம், என்.சி. வசந்தகோகிலம். இளையராஜா பாட்டு ஆறு கேட்டுவந்த இருபது வயதுப் பையனின் கேசட்டில், மிச்சமிருந்த மூன்று நிமிடத்தில், அவன் கேட்காத ஒரு பழைய பாட்டை அண்ணன் போட்டுவிடுவார். நோட்டில் அந்த வரிக்கு நேராகச் சின்னதாக ஒரு நட்சத்திரம். கூலி வாங்கக் கூடாத பாட்டு என்பதற்கு அடையாளம்.

எந்தப் பாட்டைப் போடுவது என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். துக்கப் பாட்டாகவே எழுதிக் கொடுத்தவனுக்குத் துள்ளலாக ஒன்று. அம்மாவுக்கு என்று சொன்னவருக்கு வசந்தகோகிலம். இரண்டாம் முறை வரும்போது, “அந்தக் கடைசிப் பாட்டு யாருண்ணே?” என்று கேட்டவர்கள் உண்டு. நோட்டில் சில பெயர்களுக்குக் கீழே, அடுத்தடுத்த ஆர்டர்களில், பழைய பாட்டுகள் ஒன்றிரண்டாகக் கூடிக்கொண்டே போவது தெரிகிறது. முன்பு நட்சத்திரத்தோடு போன பாடகரைப் பிறகு அவர்களே காசு கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

பாட்டின் பெயர் தெரியாதவர்கள்

சீட்டு எழுதிக்கொண்டு வருபவர்கள் பாதிப்பேர்தான். மீதிப்பேர் வாயால் பாடிக் காட்டுவார்கள். புதுச்சேரி வானொலி நிலையம் 1967இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் கடற்கரையோர ஊர்களில் இலங்கை வானொலி வீட்டு ரேடியோ மாதிரியே கேட்கும். குறுக்கே கடல்தான், மலை இல்லை. அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் குரல்களை அடையாளம் தெரியாத வீடு எங்கள் தெருவில் இல்லை. பாட்டைக் கேட்டுவிடுவார்கள், படத்தின் பெயரைச் சொல்லும்போது அடுப்படியில் ஏதாவது சத்தம் வந்துவிடும். மறுநாள் கடைக்கு வந்து, “நேத்து சிலோன்ல போட்டானே, லாலலா லாலான்னு ஆரம்பிக்கும்” என்பார்கள். அண்ணன் கண்ணை மூடி இரண்டு விநாடி யோசித்துவிட்டு எண்ணைச் சொல்வார். நான் ஸ்டூலில் ஏறி எடுத்துத் தருவேன். அவர் தவறிய நாள் எனக்கு நினைவில் இல்லை.

அப்படி வந்தவர்களில் ஆலைக்காரர்கள் அதிகம். முதலியார்பேட்டைப் பக்கத்திலிருந்து ஷிப்டு முடித்துக் காக்கிச் சட்டையோடு சைக்கிளில் வருவார்கள். ஏ.எஃப்.டி. என்று எழுதியிருந்தாலும் பெரியவர்கள் ரோடியர் மில் என்றுதான் சொல்வார்கள். போனஸ் போட்ட வாரத்தில் நோட்டின் பக்கங்கள் வேகமாக நிறைகின்றன, தேதி மாறாமலேயே பக்கம் மாறுகிறது. ஆலை ஓடாத மாதங்களில் ஒரே பக்கத்தில் இரண்டு வாரம் அடங்கிவிடுகிறது. ஆலையை நம்பி டீக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு, பாய்லர் பக்கத்துப் பரோட்டாக் கடை இருந்தது எல்லாருக்கும் தெரியும். பாட்டுக் கடையும் அதை நம்பித்தான் இருந்தது என்பதை இந்தப் பக்கங்களைப் புரட்டித்தான் நானே உணர்ந்தேன்.

மைக் செட்காரர்கள் தனி ரகம். அவர்களுக்கு நேரக் கணக்கு முக்கியம் இல்லை, வரிசை முக்கியம். கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கருக்கு முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு நாதஸ்வரம், பிறகு சினிமா. ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள். தர்கா விசேஷத்துக்கு நாகூர் ஹனிபா. அதே ஹனிபாவின் குரலில் கழகப் பாட்டு கேட்டு வருபவர்களும் உண்டு. மூன்று மதத்துப் பக்திப் பாட்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்து எண்களில் இருந்தன.

பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடற்கரை ஊரில் உப்புக்காற்று எதையும் விடாது. டெக்கின் ஹெட்டை நாள்தோறும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். தொண்ணூறு நிமிடக் கேசட்டை அண்ணன் விற்கவே மாட்டார். நேரம் கூட வேண்டும் என்பதற்காக அதில் நாடாவை மெல்லிசாகச் செய்திருப்பார்கள், வெயில் காலத்தில் காரிலும் பஸ்ஸிலும் சுற்றிக்கொள்ளும். கேட்டுத் திரும்பிப் போனவர்கள் பக்கத்துக் கடையில் வாங்கினார்கள், சிக்கியதும் பென்சிலோடு எடுத்துக்கொண்டு இங்கேதான் வந்தார்கள்.

பேச்சுக் கேசட்

இது இந்த ஊருக்கே உரிய சங்கதி. பிரெஞ்சிந்தியா கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, இங்கிருந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று இருந்தது. அப்படித் தேர்ந்துகொண்ட குடும்பங்களிலும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா வீடுகளிலும் பிள்ளைகள் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். இங்கே ஆயா, தாத்தா. அங்கே பேரப்பிள்ளைகள். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. பேரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. டிரங்கால் போட்டால் தபால் ஆபீசில் காத்துக் கிடக்க வேண்டும், மூன்று நிமிடத்தில் அழுகைதான் முடியும்.

அதற்குத்தான் பேச்சுக் கேசட். நோட்டில் ‘பேச்சு’ என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருக்கும். கடையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை, சுவரில் கோணி கட்டியிருப்பார். மேசையில் ஒரு மைக். ஆயா உட்கார்ந்து பேசுவார். என்ன குழம்பு வைத்தேன், முருங்கை மரம் சாய்ந்துவிட்டது, எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம், நீ வருகிறேன் என்றாயே எப்போது. ஊருக்குப் புறப்படுகிற யாராவது ஒருவர் கையில் கேசட் போகும். அங்கிருந்து பதில் கேசட் வரும். வீட்டில் டேப் இல்லாதவர்கள் அதையும் கடையிலேயே போட்டுக் கேட்பார்கள். அந்த நேரத்தில் அண்ணன் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்.

பேச்சுக் கேசட்டுக்குப் பதிவுக் கூலி வாங்கியதாக நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

எங்கே தொடங்கியது இறக்கம்

இரண்டாம் நோட்டில் நட்சத்திரங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. முதல் நோட்டில் ஏறக்குறைய எல்லா ஆர்டரிலும் ஒன்றாவது இருக்கும். இரண்டாவதில் ‘படம் முழுக்க’ என்ற சொல் வருகிறது. பாட்டுகளைத் தனித்தனியாகப் பொறுக்கிக் கேட்பது குறைந்து, புதுப்படத்தின் எல்லாப் பாட்டையும் அப்படியே ஒரு கேசட்டில் கேட்கிறார்கள். அதே காலத்தில்தான் கடைக்கு டபுள் டெக் வந்தது. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு இருமடங்கு வேகத்தில் ஏறும். ஒலி மங்கும், ஆனால் அரை மணியில் கையில் கொடுத்துவிடலாம். இருபது கேசட் என்ற வரம்பு உடைந்தது. அண்ணனும் சந்தோஷமாகத்தான் இருந்தார். நானும் அதை முன்னேற்றம் என்றுதான் நினைத்தேன்.

இப்போது பார்க்கும்போது, கடை அன்றைக்குத்தான் தோற்கத் தொடங்கியது என்று தோன்றுகிறது. எண்பதுகளின் பிற்பாதியில் கம்பெனிகளே கேசட் விலையை இறக்கின. டி-சீரிஸ் வடக்கே அதைச் செய்துகாட்டியது, தமிழிலும் கம்பெனிகள் பெருகின. படத்தின் ஸ்டில் போட்ட உள்ளட்டையோடு, தெளிவான ஒலியோடு, புதுப்படப் பாட்டு பெட்டிக்கடை வரைக்கும் வந்துவிட்டது. நகல் எடுப்பதுதான் வேலை என்றால் அதைத் தொழிற்சாலை இன்னும் நன்றாகச் செய்யும், மலிவாகவும் செய்யும். ஆள் பார்த்துப் பாட்டுப் பொறுக்கிய வரைக்கும் அண்ணனுக்குப் போட்டியே கிடையாது. நகல் கடையாக மாறியபோது ஊரில் எல்லாருமே போட்டி.

1993இல் சன் டிவி வந்தது. அந்த வருடத்துப் பக்கங்களையும் அடுத்த வருடத்துப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஆர்டர் பெரிதாகக் குறையவில்லை. டிவியில் பார்த்த பாட்டைக் கேட்டு வந்தவர்கள்கூட இருக்கிறார்கள். ஆகவே டிவிமேல் பழி போடுவது இந்தக் கடையைப் பொறுத்தவரை சரியில்லை. விழுந்த அடி பிறகு வந்தது, எம்பி3 சிடி. ஒரு சிடியில் நூற்றைம்பது பாட்டு கொள்ளும். அண்ணனின் கணக்கில் அது பத்துப் பன்னிரண்டு கேசட், பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை. நடைபாதையில் ஒரு டீ, ஒரு பன் விலைக்குக் கிடைத்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். இந்தத் தொழில் சட்டப்படி சரியானது அல்ல. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருந்தது. 1984இல் அதைத் திருத்தி, நகல் எடுத்து விற்பவர்களுக்கான தண்டனையைக் கடுமையாக்கினார்கள். இசைத்தட்டை வாங்கிய காசு கம்பெனிக்குப் போயிருக்கும். அதிலிருந்து எடுத்த நூற்றுக்கணக்கான கேசட்டுகளில் பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் ஒரு பைசா போகவில்லை. பாட்டுக்காரர்களை உயிராக நினைத்த மனிதர் அண்ணன். அவர்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று ஒருமுறை அவரே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். அந்தக் கடைமேல் எனக்குள்ள பாசம் அந்த உண்மையை மாற்றாது.

கடை மூடிய சில வருடங்களில் செல்போன் ரீசார்ஜ் கடைகளில் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று பலகை முளைத்தது. அதே தொழில்தானே என்று ஆசையாகப் போய்ப் பார்த்தேன். பையன், “எத்தினி ஜிபி வேணும்?” என்று கேட்டான். என்ன பாட்டு என்று கேட்கவில்லை. அவன்மேல் குறை இல்லை, அத்தனை பாட்டு இருக்கும்போது ஒவ்வொன்றாகக் கேட்க நேரம் ஏது. இணைய வேகம் கூடியதும் அந்தப் பலகைகளும் போய்விட்டன.

தட்டுகள் என்ன ஆயின என்று பலர் கேட்டார்கள். கடை மூடும்போது பாதியை ஒரு சேகரிப்பாளர் எடுத்துக்கொண்டார். மீதி, உறை கிழிந்தவையும் கீறல் விழுந்தவையும், ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய இரும்பு, பழைய துணிகளுக்கு நடுவே தார்ப்பாயில் கிடந்தன. முதுகில் அண்ணன் ஒட்டிய பிளாஸ்திரி எண்ணைப் பார்த்து அடையாளம் கண்டு நான் நான்கு வாங்கினேன். இப்போதும் எந்த ஞாயிறு அந்தப் பக்கம் போனாலும் உறைகளின் முதுகைத்தான் முதலில் பார்க்கிறேன்.

நோட்டுகளோடு மூன்று கேசட்டும் வந்தன. யாரும் வாங்க வராத பேச்சுக் கேசட்டுகள். அடுத்தவர் வீட்டுப் பேச்சைக் கேட்கலாமா என்று நெடுநாள் தயங்கினேன். நாடா வீணாகிக்கொண்டிருந்தது, யாருடையது என்று தெரிந்தால்தானே வீட்டைத் தேட முடியும். இரண்டில் பூஞ்சை ஏறி இரைச்சல் மட்டும் மிச்சம். மூன்றாவது ஓடியது.

முதலில் நாற்காலி நகரும் ஓசை. பிறகு அண்ணன் குரல்: “பேசு ஆயா, ஓடுது.” எத்தனையோ ஆயிரம் பாட்டைப் பதிவு செய்தவரின் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. ஆயா தயங்கி, யாரிடம் பேசுவது என்று கேட்டு, பிறகு பேரனின் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். இருபத்தாறு நிமிடம் பேசுகிறார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தச் செல்லப் பெயரையும் ஆயா சொல்லும் தெருவையும் வைத்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன், வீடு தெரிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

பேச்சு முடிந்ததும் சிறிது நேரம் வெளியே சைக்கிள் மணி கேட்கிறது. அப்புறம் அண்ணன், “இன்னும் மூணு நிமிஷம் இருக்கு ஆயா. ஒரு பாட்டு போட்டுடட்டா?” என்கிறார்.

“போடுப்பா” என்கிறார் ஆயா. “அவனுக்கு இன்னா புடிக்கும்னு எனக்குத் தெரியல. நீயே பாத்துப் போடு.”

ஊசி தட்டில் இறங்கும் சத்தம். பிறகு பாகவதர்.